தாய்மாரைக் காத்த ஐடா அம்மையார்

மக்கட்பேறு மனையறத்தின் நன்கலம் எனத் தமிழ்ச் சான்றோர் போற்றினர். திருவள்ளுவப் பெருந்தகையார் அதற்கெனத் தனியதிகாரமே வகுத்தார். ஆயினும் அப்பேற்றினை அடையத் தாயொருத்தி கடக்க வேண்டிய துன்பக் கடல் மிகப் பெரிது. பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் நாட்டு மூதாட்டியர் சொல்வது வெறும் வழக்குரையன்று. மருத்துவ அறிவு பரவாத நாளில் அக்கடலைக் கடக்க மாட்டாது இடையிலே மூழ்கிய இளந்தாயர் எண்ணிலர். அவர்தம் துயர் துடைப்பதனையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவருள் ஒருவர் ஐடா ஸ்கடர் அம்மையார். கடல் கடந்த நாட்டுக் குடும்பத்திலே தோன்றினாரேனும், அவர் பிறந்த மண்ணும் உழைத்த மண்ணும் உயிர் நீத்த மண்ணும் நம் தமிழ் மண்ணேயாகும்.

பழைய தென்னார்க்காடு

இன்று கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என வெவ்வேறு மாவட்டங்களாக விளங்கும் நிலப்பகுதி அந்நாளில் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டமாக இருந்தது. அதன் கிழக்கே கடலும், மேற்கெல்லையிலே கல்வராயன் மலையும் அமைந்தன. திண்டிவனமும் கள்ளக்குறிச்சியும் அம்மாவட்டத்தின் வட்டங்களாகும். நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளையும் அந்நாட்டில் உணவுக்குப் பஞ்சம் வந்த நாளும் உண்டு, வாராத நாளும் உண்டு. ஆனால் மகப்பேற்று மருத்துவத்திற்கோ எந்நாளும் பஞ்சமே.

சென்னை நகரில் அரசினர் மகப்பேற்று மருத்துவமனை 1844ஆம் ஆண்டிலேயே தோன்றியது. கோஷா முறையைக் கைக்கொண்ட பெண்டிருக்கென 1885ஆம் ஆண்டில் மற்றொரு மருத்துவமனையும் அங்கு நிறுவப்பெற்றது. ஆயின் சிற்றூரிலும் மலையூரிலும் வாழ்ந்த பெண்ணுக்கு அவற்றால் ஆய பயன் யாது? ஊர் மருத்துவச்சியே அவளுக்குத் துணை. அம்மருத்துவச்சியர் அன்பும் பட்டறிவும் உடையவரே. இயல்பாக நிகழும் பேறுகளை அவர்கள் திறம்படவே நடத்தினர். ஆனால், குழந்தை குறுக்கே கிடப்பினும், குருதி நில்லாது பெருகினும், தாய்க்கு வலிப்புக் காணினும் அவர்கள் செய்வதறியாது கைவிட்டனர். கண்ணுக்குப் புலனாகாத கிருமிகள் கையழுக்கின் வாயிலாகத் தாயின் உடலிற் புகுந்து காய்ச்சலை விளைவிக்கும் என்பதனை அவர்க்கு எடுத்துரைப்பார் எவரும் இலர்.

பிறப்பும் இளமையும்

ஐடா அம்மையார் 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் என்பவர் அமெரிக்க நாட்டிலிருந்து முதலில் இலங்கைக்கும், பின்னர்ச் சென்னைக்கும் வந்து மருத்துவத் தொண்டு புரிந்தவர். தந்தையாரின் பெயரும் ஜான் ஸ்கடர் என்பதே. அவரும் மருத்துவர். தாயார் சோபியா அம்மையார். சமயத் தொண்டும் மருத்துவத் தொண்டும் அக்குடும்பத்தின் வழிவழிச் செல்வமாக இருந்தன.

ஐடா சிறுமியாயிருந்த காலத்தில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. பசியால் மெலிந்து எலும்பும் தோலுமாய் வந்த குழந்தைகட்கு உணவளிக்கும் பணியில் அச்சிறுமியும் பங்கு கொண்டார். தன் வயதொத்த பிள்ளைகள் உண்ணவும் வலுவின்றி வீழ்ந்து கிடந்த காட்சி அவ்விளநெஞ்சிற் பதிந்து விட்டது. அந்நினைவு இரக்கத்தை வளர்த்ததோடு அச்சத்தையும் வளர்த்தது. பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று, பெற்றோர் மீண்டும் இந்தியா திரும்பியபின் உறவினர் இல்லத்தில் வளர்ந்து, நார்த்பீல்டு என்னுமிடத்துப் பள்ளியிற் பயின்ற காலையில், துன்பம் மலிந்த இந்நாட்டிற்குத் திரும்புவதில்லை என்றே அவர் உறுதி பூண்டிருந்தார். குடும்பத்தினர் பலரும் மேற்கொண்ட தொண்டு நெறி தமக்கு வேண்டா என்றும், தம் நாட்டிலேயே இன்பமாக வாழ வேண்டும் என்றும் எண்ணினார். அவ்வெண்ணத்தைக் குறை கூறுதல் தகாது. இளமையில் எவர்க்கும் எழும் இயல்பான விருப்பமே அது.

1890ஆம் ஆண்டில் தாயார் நோயுற்றார். பெற்றோர் அப்பொழுது திண்டிவனத்தில் இருந்தனர். அன்னைக்குப் பணிவிடை செய்தற்பொருட்டு ஐடா கப்பலேறி வந்தார். தாய் உடல்நலம் பெற்றதும் திரும்பி விடுவதே அவர் கருத்து. ஆனால் ஓரிரவு நிகழ்ந்த நிகழ்ச்சி அக்கருத்தை அடியோடு மாற்றியது.

திண்டிவனத்தில் ஓரிரவு

அவ்விரவு ஐடா தம் அறையில் விளக்கொளியில் அமர்ந்திருந்தார். தாழ்வாரத்தில் காலடியோசை கேட்டது. அந்தண இளைஞர் ஒருவர் கலங்கிய முகத்தோடு வந்து நின்றார். அவருடைய மனைவி இளஞ்சிறுமி. முதற்பேறு. வலி கண்டு நெடுநேரமாகியும் குழந்தை பிறக்கவில்லை. மருத்துவச்சியும் கைவிட்டாள். ஐடா வந்து காத்தருள வேண்டும் என்று அவர் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தம் தந்தையார் தேர்ந்த மருத்துவர், அவர் உடனே வருவார் என்றும் ஐடா விடையிறுத்தார். வந்தவர் முகம் வாடிற்று. அயல் ஆடவர் தம் மனைவியைக் காண்பது குலமரபுக்கு ஒவ்வாது என்று கூறி, அவர் இருளில் மறைந்தார்.

சிறிது நேரத்தில் மீண்டும் காலடியோசை கேட்டது. இம்முறை வந்தவர் முஸ்லிம் ஒருவர். அவர் மனைவியும் அதே நிலையில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தார். ஐடா அவரைத் தந்தையாரிடம் அழைத்துச் சென்றார். தந்தையார் உடனிருந்து வழிகாட்ட, அவர் சொற்படி தாமே பணி செய்வதாகவும் கூறினார். அவரும் இசைந்திலர். தம் குடும்பத்தார் அல்லாத ஆடவர் எவரும் மனைவியின் முகத்தைப் பார்த்ததில்லை என்று கூறித் திரும்பினார். அவ்விரவே மூன்றாம் முறையும் ஒருவர் வந்தார். அவர் உயர்குல இந்து ஒருவர். வேண்டுகோளும் அதுவே. மறுமொழியும் அதுவே.

ஐடாவுக்கு அவ்விரவு உறக்கமில்லை. பொழுது புலர்ந்தது. ஊர்ப்புறத்திலிருந்து சாப்பறை கேட்டது. நெஞ்சு துணுக்குற்ற ஐடா, பணியாளை அனுப்பிச் செய்தி அறிந்து வரச் செய்தார். மூன்று பெண்களும் இறந்தனர் என்பதே அவன் கொணர்ந்த செய்தி.

மாணவர்களே, அவ்விரவின் துயரத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அம்மூவரும் கல்நெஞ்சர் அல்லர். மனைவியர்பால் அன்பில்லாதவராயின் நள்ளிரவில் அயலார் இல்லம் தேடி ஓடி வந்திருப்பரோ? மருத்துவரும் தொலைவில் இருந்தாரல்லர். மருந்தும் கருவியும் சில தெருக்களுக்கு அப்பால் இருந்தன. அறிவு ஒரு பக்கமும் துன்பம் ஒரு பக்கமும் நிற்க, இடையே ஒரு கதவு அடைபட்டுக் கிடந்தது. அக்கதவைத் திறந்து உட்செல்லும் உரிமை பெண்ணொருத்திக்கே இருந்தது. அப்பெண்ணிடமோ மருத்துவ அறிவு இல்லை. இவ்வுண்மையை ஐடா தெளிந்துணர்ந்தார். தம் இன்பத்தையும் விருப்பத்தையும் ஒருபுறம் ஒதுக்கினார். அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, இந்நாட்டுப் பெண்டிர்க்கு உதவத் திரும்பி வருவதாகப் பெற்றோரிடம் அறிவித்தார்.

மருத்துவக் கல்வி

பெண்கள் மருத்துவம் பயில்வது அந்நாளில் அமெரிக்காவிலும் எளிதன்று. மகளிர்க்கெனத் தனியே அமைந்த பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் 1895ஆம் ஆண்டு ஐடா சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் ஏற்கத் தொடங்கியபோது அங்குச் சென்று, 1899ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

இந்தியா திரும்புமுன் வேலூரில் மகளிர் மருத்துவமனை அமைத்தற்குப் பொருள் திரட்ட முற்பட்டார். நியூயார்க் நகரத்து வங்கியாளர் ஷெல் என்னும் முதியவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் நன்கொடை அளித்தார். மனைவியை இழந்த ஒருவரின் கொடை, மனைவியரையும் தாய்மாரையும் காக்கும் பணிக்கு அடிக்கல்லாயிற்று. 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்திய மண்ணில் மீண்டும் அடி வைத்தார். தோழி ஆனி ஹான்காக் அம்மையாரும் உடன் வந்தார்.

ஒற்றைக் கட்டில்

வேலூரில் தந்தையாருடனிருந்து தொழில் பழகலாம் என ஐடா எண்ணியிருந்தார். ஆனால் அவ்வாண்டிலேயே தந்தையார் இயற்கை எய்தினார். துணையற்ற நிலையிலும் அவர் தளரவில்லை. தம் இல்லத்துச் சிற்றறை ஒன்றில் ஒரே ஒரு கட்டிலைக் கொண்டு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியான சலோமி என்னும் தமிழ்ப் பெண்மணி அவருக்கு முதல் உதவியாளரானார். பள்ளியில் தாதித்தொழில் பயின்றவரல்லர் சலோமி. எனினும் கருவிகளைக் கொதிநீரிலிட்டுத் தூய்மை செய்யவும், புண்ணைக் கழுவிக் கட்டவும், நோயாளியின் அச்சத்தை அன்பு மொழியால் போக்கவும் விரைவிற் கற்றுக்கொண்டார்.

தொடக்கத்தில் மக்கள் வரத் தயங்கினர். ஆயினும் ஒருவர் பெற்ற நலம் மற்றவரை அழைத்து வந்தது. முதலிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 பேர் மருத்துவ உதவி பெற்றனர். 1902ஆம் ஆண்டில் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை 40 கட்டில்களோடு திறக்கப்பெற்றது. திண்டிவனத்தில் அடைபட்டுக் கிடந்த கதவு வேலூரில் திறந்தது. பெண்ணுக்குப் பெண்ணே மருத்துவம் பார்க்கும் இடம் என்று கேள்வியுற்றுச் சிற்றூர்களிலிருந்தும் பெண்டிர் வந்தனர்.

செவிலியரை உருவாக்குதல்

ஐடா அம்மையார் விரைவில் மற்றோர் உண்மையை உணர்ந்தார். மருத்துவர் ஒருவர் எத்துணைத் திறமுடையவராயினும், ஒரு நாளில் சில நாழிகையே ஒரு நோயாளியின் அருகில் இருத்தல் கூடும். இரவும் பகலும் உடனிருந்து காப்பவர் செவிலியரே. சங்க நூல்களிலே தலைவியை வளர்த்துக் காக்கும் செவிலித்தாயைக் காண்கிறோம். அத்தகு தாயன்பும், அதனோடு கூடிய மருத்துவப் பயிற்சியும் உடைய பெண்கள் பலர் வேண்டும் என அவர் கருதினார்.

இங்கிலாந்தில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860ஆம் ஆண்டிலேயே செவிலியர் பள்ளி தொடங்கியிருந்தார். ஆயின் நம் நாட்டில் பிறர் புண்ணையும் குருதியையும் தொடுவது இழிதொழில் என்னும் தவறான எண்ணம் நிலவியது. நற்குடிப் பிறந்த பெண்களை அப்பணிக்கு அனுப்பப் பெற்றோர் நாணினர். அந்நாணத்தை நீக்கி, 1909ஆம் ஆண்டில் டெலியா ஹௌட்டன் என்னும் செவிலியரின் துணையோடு வேலூரிற் செவிலியர் பயிற்சிப் பள்ளியை ஐடா தொடங்கினார்.

பேறுகாலச் செவிலியின் பணி மூன்று நிலைகளை உடையது. முதலாவது கருவுற்ற காலம். தாயின் உடலில் குருதி குறைவின்றி உள்ளதா, குழந்தை உரிய முறையில் வளர்கின்றதா, அதன் தலை கீழ்நோக்கி அமைந்துள்ளதா என்பவற்றை அவள் ஆராய்கிறாள். முகமும் கையும் வீங்குதல், தலைவலி மிகுதல், கண் மங்குதல் ஆகியவை குருதி அழுத்த மிகுதியைக் காட்டும் குறிகளாகலாம். அவற்றை முன்னரே அறிந்தால் வலிப்பு வாராமற் காக்கலாம். வந்த பின்னரோ உயிருக்கு இடையூறு மிகுதி.

இரண்டாவது பேற்றுக்காலம். இங்குச் செவிலிக்கு வேண்டுவன தூய்மையும் பொறுமையும் ஆகும். 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவர் செம்மல்வைஸ், மருத்துவர்கள் கைகளைக் குளோரின் கலந்த நீரிற் கழுவச் செய்து, பேறுகாலக் காய்ச்சலால் நேரும் இறப்பு பெரிதும் குறைவதைக் கண்டார். ஐடா அம்மையார் தொண்டு தொடங்கிய நாளில், கிருமிகளை அழிக்கும் இன்றைய மருந்துகள் தோன்றவில்லை. எனவே கொதித்த நீரும், சவர்க்காரமும், வெளுத்த துணியும், நன்கு கழுவிய கைகளுமே தாயின் உயிருக்கு அரணாயின. வலியுற்ற பெண்ணை அதட்டாது ஆறுதல் கூறுவதும், வலி தோன்றும் இடைவெளியைக் கணித்து வருவதும், இயற்கை தன் வேலையைச் செய்கையில் வீணே குறுக்கிடாமையும், இடர்க்குறி தோன்றிய அக்கணமே மருத்துவரை அழைத்தலும் நற்செவிலியின் இலக்கணமாகும்.

மூன்றாவது பேற்றுக்குப் பிந்திய காலம். குழந்தையின் அழுகுரல் கேட்டதும் வீட்டார் அனைவரும் குழந்தையைச் சூழ்ந்து கொள்வர். அந்நேரத்தில் தாயை மறவாதவள் செவிலி. பேற்றுக்குப் பின் வரும் முதற்சில மணி நேரமே குருதிப் பெருக்கால் உயிருக்கு இடையூறு மிக நேரும் காலமாகும். ஆதலின் நாடியையும் குருதிப் போக்கையும் அவள் அடிக்கடி பார்க்கிறாள். ஈன்ற தாயைக் காற்றும் ஒளியும் புகாத அறையிற் கிடத்துவதும், உணவும் நீரும் குறைப்பதும், சீம்பாலைக் கறந்து கொட்டுவதும் பல வீடுகளில் வழக்கமாயிருந்தன. தாய்க்கு நல்லுணவு வேண்டும் என்றும், குழந்தைக்குச் சீம்பாலே முதல் மருந்து என்றும் எடுத்துரைத்து, அவ்வழக்கங்களை அன்போடு மாற்றுவதும் செவிலியின் கடமையே.

சாலையோர மருத்துவம்

மருத்துவமனைக்கு வரமாட்டாத ஏழையரை நாடித் தாமே செல்லுதல் வேண்டும் என்று ஐடா அம்மையார் துணிந்தார். 1906ஆம் ஆண்டளவில் சாலையோர மருத்துவம் தொடங்கிற்று. தொடக்கத்தில் வண்டிப் பயணமே. 1909ஆம் ஆண்டில் சிறிய மோட்டார் வண்டி ஒன்று கிடைத்தது. மாடின்றிக் குதிரையின்றித் தானே ஓடிவரும் அவ்வண்டியைக் கண்ட நாட்டுப்புறத்தார் முதலில் பேயோ என அஞ்சி ஓடினராம். நாளடைவில் அதே மக்கள் அதன் ஒலியை எதிர்நோக்கிக் காத்திருந்தனர்.

வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில், வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த மரநிழலில் வண்டி நிற்கும். மருந்துப் பெட்டி திறக்கப்படும். புண்ணுற்றோர், கண்ணோயாளர், காய்ச்சலுற்ற குழந்தைகள் எனப் பலரும் வரிசையில் நிற்பர். கருவுற்ற பெண்களும் வந்து ஐயம் தெளிவர். இடர்ப்பட்ட நிலையில் உள்ளவரை வண்டியிலேற்றி மருத்துவமனைக்குக் கொண்டு வருவதும் உண்டு. மருத்துவமனை மக்களைத் தேடிச் செல்லுதல் வேண்டும் என்னும் கொள்கை இன்று எங்கும் போற்றப்படுகிறது. அக்கொள்கையை மரநிழலில் நடத்திக் காட்டியவருள் முன்னவர் ஐடா அம்மையார்.

பெண்களுக்கு மருத்துவப் பள்ளி

செவிலியர் பெருகினர். ஆயினும் பெண் மருத்துவர் போதிய அளவு இல்லை. இந்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்குதல் வேண்டும் என்று அம்மையார் கருதினார். அரசாங்க மருத்துவத் துறையின் தலைவரோ அம்முயற்சியிற் பெரிதும் நம்பிக்கை கொள்ளவில்லை. மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிது என்பது அவர் கருத்து. ஆனால் வந்த விண்ணப்பங்கள் 151. 1918ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் வேலூரில் மகளிர் மருத்துவப் பள்ளி திறக்கப்பெற்றது. 17 மாணவியர் சேர்ந்தனர். கட்டடங்கள் போதா. நூல்கள் போதா. ஆசிரியரும் போதார். ஐடா அம்மையார் பகலில் அறுவை மருத்துவம் செய்து, பாடமும் நடத்தி, இரவில் நோயாளிகளையும் கவனித்தார்.

முதலாண்டுத் தேர்வு நெருங்கியது. ஆடவர் பயின்ற பள்ளிகளோடு இம்மாணவியரும் மாகாணத் தேர்வு எழுதினர். ஆடவருள் ஐவரில் ஒருவரே தேறிய அத்தேர்வில், வேலூர் மாணவியர் எழுதிய அனைவரும் தேறினர். பெண்ணறிவைக் குறைத்து மதித்தோர்க்கு இதனினும் சிறந்த விடை வேறு யாது? 1922ஆம் ஆண்டில் 14 மாணவியர் படிப்பை முடித்து வெளிவந்தனர். அடைபட்ட கதவைத் தட்டும் கைகள் ஒன்றிலிருந்து பதினைந்தாயின. 1928ஆம் ஆண்டில் காந்தியடிகள் இப்பள்ளிக்கு வருகை தந்தார்.

முதுமையில் ஒரு சோதனை

1938ஆம் ஆண்டையொட்டிப் பெருஞ்சோதனை ஒன்று வந்துற்றது. பழைய மருத்துவப் பள்ளிகள் பல்கலைக்கழகக் கல்லூரிகளாக உயர்தல் வேண்டும், இன்றேல் புதிய மாணவரைச் சேர்த்தல் கூடாது என அரசாங்கம் விதித்தது. கல்லூரியாக உயர்த்தப் பேராசிரியர்களும் ஆய்வுக்கூடங்களும் பெரும்பொருளும் வேண்டும். அம்மையாருக்கோ அகவை எழுபதை நெருங்கியது. ஓய்வு கொள்ளும் பருவத்தில், உலகப் போர் நிகழ்ந்த காலத்தில், 1941ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பொருள் திரட்டினார்.

மகளிர்க்கெனவே நிறுவிய கல்லூரியில் ஆடவரையும் சேர்க்கலாமா என்னும் கேள்வி அக்காலத்து எழுந்தது. அம்மையாரின் நண்பர் சிலர் அதனை வன்மையாக எதிர்த்தனர். பெண்களுக்காகத் தம் வாழ்வையே ஈந்த அவருக்கும் அம்முடிவு எளிதாக இருந்திராது. எனினும் கல்லூரி நிலைபெற்றாற்றான் தாய்மாருக்கும் பயன் உண்டு என உணர்ந்து, அம்மாற்றத்தை அவர் ஏற்றுக்கொண்டார். 1942ஆம் ஆண்டில் மகளிர்க்குப் பட்டப்படிப்புத் தொடங்கிற்று. 1947ஆம் ஆண்டில் ஆடவரும் சேர்க்கப்பெற்றனர். செவிலியர் பள்ளியும் 1946ஆம் ஆண்டில் கல்லூரியாயிற்று. இந்தியாவில் செவிலியர்க்குப் பட்டப்படிப்பை முதலில் தொடங்கியவற்றுள் அக்கல்லூரியும் ஒன்று.

1946ஆம் ஆண்டில் அம்மையார் ஓய்வு பெற்றார். கோடைக்கானலிலும் வேலூரிலுமாக எஞ்சிய நாட்களைக் கழித்தார். 1960ஆம் ஆண்டு மே திங்களில், தம் எண்பத்தொன்பதாம் அகவையில், கோடைக்கானலில் உயிர் நீத்தார். ஒற்றைக் கட்டிலோடு தோன்றிய வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்று நாடெங்கணுமிருந்து நோயாளரை ஈர்க்கும் பெருநிலையமாக விளங்குகிறது. 2000ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகச் சிறப்பு உறை வெளியிட்டது.

இன்னும் திறவாத கதவுகள்

ஐடா அம்மையார் காலத்தினின்று நாடு நெடுந்தொலைவு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பேறுகளும் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. கிராமச் செவிலியர் வீடுதோறும் சென்று கருவுற்ற பெண்களைப் பதிவு செய்கின்றனர். 2008ஆம் ஆண்டு முதல் 108 அவசர ஊர்தி ஓடுகிறது. பழைய தென்னார்க்காட்டின் மேற்குப் பகுதி 2019ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. 2022ஆம் ஆண்டில் அங்கு அரசினர் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது.

எனினும் கல்வராயன் மலையை எண்ணிப் பாருங்கள். வெள்ளிமலை முதலிய ஊர்களுக்குச் சாலை உண்டு. ஆனால் மலைச்சரிவுகளில் சிதறிக் கிடந்த சிற்றூர்கள் பலவற்றிற்கு நெடுங்காலம் ஒற்றையடிப் பாதையே வழியாக இருந்தது. வலி கண்ட பெண்ணைக் கம்பிற் கட்டிய தூளியிற் கிடத்தி, ஆடவர் தோள்மேற் சுமந்து, மழையிலும் இருளிலும் இறங்கி வருதல் வேண்டும். திண்டிவனத்தில் மரபு அடைத்த கதவை இங்கு மலை அடைத்தது. குருதிப் பெருக்கு மலையிறங்கும் வரை காத்திராது. வலிப்பும் விடியும் வரை பொறுத்திராது.

இதனை உணர்ந்தே தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளில் பேறுகாலக் காத்திருப்பு அறைகள் சில இடங்களில் அமைக்கப்பெற்றுள்ளன. பேற்றுநாளுக்கு முன்னரே தாய் மலையிறங்கி வந்து, உறவினர் ஒருவரோடு மருத்துவ நிலையத்தருகே தங்கி இருத்தல் கூடும். மழையென்றும் குளிரென்றும் பாராது மலைப்பாதையில் நடந்து சென்று, தாயின் குருதியளவையும் அழுத்தத்தையும் ஆராய்ந்து, பேற்றுநாளை அவள் வீட்டாருக்கு நினைவூட்டித் திரும்பும் செவிலியர் ஐடா அம்மையாரின் வழித்தோன்றல்களே. 2020ஆம் ஆண்டைச் செவிலியர்க்கும் மருத்துவச்சியர்க்கும் உரிய ஆண்டாக உலக நல நிறுவனம் அறிவித்ததும் அவர்தம் பெருமையை உலகம் உணர்ந்தமைக்குச் சான்றாகும்.

திண்டிவனத்தில் அன்று உயிர் நீத்த மூன்று பெண்களின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, சிலையும் இல்லை. ஆயினும் அவர்கள் வீணே இறந்தாரல்லர். அவர்தம் இறப்பு ஓரிளம்பெண்ணின் நெஞ்சைத் தொட்டது. அந்நெஞ்சு பல்லாயிரம் தாய்மாரைக் காக்கும் நிலையமாக வளர்ந்தது. தம் வீட்டுத் தாழ்வாரத்தில் கேட்ட காலடியோசையைக் கேளாதவர் போல் இருந்திருப்பின் ஐடா அம்மையார் இன்பமாக வாழ்ந்திருப்பார். அவர் கேட்டார், எழுந்தார், கற்றார், திரும்பி வந்தார். துன்பமுற்றோர் நம் வாயிலை நாடும் காலடியோசையை நாமும் செவிமடுப்போமாக. உதவும் மனத்தோடு உதவுதற்கேற்ற அறிவையும் தேடிக்கொள்வோமாக.